கொள்ளைநோயும் கணக்கும்

ஒரு நாட்டிலே கொள்ளைநோய் பரவுங்கால் மக்கள் முதலிற் கேட்கும் வினா "எத்தனை பேர்?" என்பதேயாம். எத்தனை பேருக்கு நோய் கண்டது, எத்தனை பேர் மாண்டனர், எத்தனை பேருக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையாக, 2020ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டு காலம் உலக நாடுகள் நாடோறும் எண்களை வெளியிட்டு வந்தன. அமெரிக்காவிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020 சனவரி 22ஆம் நாள் தொடங்கிய உலகக் கணக்குப் பலகையை நம்மவருட் பலர் காலையெழுந்ததும் பார்ப்பது வழக்கமாயிற்று. பெருந் துடுப்பாட்டப் போட்டியின் ஓட்டக் கணக்கைப் பேசுவதுபோல, எந்த நாடு முந்திற்று, எந்த நாடு பிந்திற்று என்று சந்தியிலும் கடையிலும் பேசிக்கொண்டனர். அப்பேச்சிலே ஒரு குறை இருந்தது. ஒருவர் முழக்கோலாலும் மற்றொருவர் அடிக்கோலாலும் அளந்து சொன்ன நீளங்களை, இருவரும் ஒரே கோலால் அளந்தனர் எனக் கொண்டு ஒப்பிட்டமையே அக்குறை. அக்கோல்கள் எவையெவை, அவை எவ்வாறு வேறுபட்டன என்பதனை இக்கட்டுரையில் எடுத்துக் காட்டக் கருதினோம். பின்னக் கணக்குப் பயிலும் மாணவருக்கும் இது பயன்படும். ஏனெனில் இவ்விடயத்தில் எழுந்த தடுமாற்றங்களுட் பெரும்பாலானவை தொகுதியெண்ணும் பகுதியெண்ணும் பற்றியனவேயாம்.

கொள்ளைநோயில் இறந்தோரை வாரந்தோறும் எண்ணி அச்சிடும் வழக்கம் இலண்டன் மாநகரிலே பதினேழாம் நூற்றாண்டில் நன்கு வேரூன்றியிருந்தது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஒருவர் இறந்தால், முதிய பெண்கள் சிலர் அவ்வீட்டுக்குச் சென்று பிணத்தைப் பார்த்து, இன்ன நோயால் இறந்தார் என்று கோயிற்பற்று எழுத்தருக்குக் கூறுவர். எழுத்தர் தொகுத்தவை வாரக் கணக்காக வெளிவரும். அம்முதியோர் வைத்தியம் பயின்றவரல்லர். அன்றியும், கொள்ளைநோய் கண்ட வீட்டைக் குடும்பத்தார் உள்ளிருக்கவே அரசினர் பூட்டிவைக்கும் கடுஞ் சட்டம் அந்நாளில் இருந்தது. ஆதலின் வீட்டார் நோயை மறைக்க விரும்புவதும், கைக்கூலி கொடுத்து வேறு பெயர் எழுதுவிப்பதும் இயல்பாயின. 1665ஆம் ஆண்டின் பெருங் கொள்ளைநோயில் மாண்டோர் 68,596 பேர் என்றும், அவ்வாண்டில் எல்லாக் காரணங்களாலும் இறந்தோர் 97,306 பேர் என்றும் அக்கணக்கு கூறும். அவ்வாண்டு ஓகத்து இறுதி வாரத்துக் கணக்கிற் கொள்ளைநோயால் இறந்தோர் 6,102 பேர் எனக் கண்ட சாமுவேல் பீப்சு என்பார், மெய்யான தொகை பதினாயிரத்தை அணுகும் என்னும் அச்சத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஏழைகளின் சாவு கவனிக்கப்படாமையும், சில சமயப் பிரிவினர் தம்முள் இறந்தோருக்கு மணியடிக்க இடங்கொடாமையும் காரணம் என்பது அவர் கருத்து. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இக்காரணங்கள் பெயர் மாறியனவேயன்றி ஒழிந்தில.

இவ்வாரக் கணக்குக்களை ஆராய்ச்சிக்கு எடுத்தவர் யோன் கிராண்ட் என்னும் இலண்டன் துணி வணிகர். அவரது நூல் 1662இல் வெளிவந்தது. அவர் கையாண்ட முறை மிக எளியது, ஆயினும் நுட்பமானது. 1625ஆம் ஆண்டிலும் இலண்டனிற் கொள்ளைநோய் பரவியது. அவ்வாண்டிற் கொள்ளைநோயால் இறந்தோர் எனக் குறித்தவர்களை நீக்கி, எஞ்சிய இறப்புக்களை அவர் முன்பின் ஆண்டுகளின் இறப்புக்களோடு ஒப்பிட்டார். மற்றை நோய்களால் இறந்தோர் தொகை வழக்கத்திலும் மிகுந்து நின்றது. வேறு எந்நோயும் அவ்வாண்டிற் பெருகியதற்குச் சான்று இல்லை. எனவே அம்மிகுதியும் கொள்ளைநோயால் விளைந்ததே என்றும், கணக்கிற் கண்டதினும் ஏறக்குறையக் காற்பங்கு மேலாக அந்நோயால் மாண்டனர் என்றும் முடிவு செய்தார். நோயின் பெயரை நம்பாது இறப்பின் தொகையை நம்புதல் என்னும் இம்முறையே இக்காலத்தார் "மிகை இறப்பு" என்று வழங்குவது. 1847இல் இலண்டனிற் பரவிய சளிச்சுரத்தை வில்லியம் பார் என்பார் இம்முறையாலேயே அளந்தார். கணினிகளும் பேராசிரியர்களும் நிறைந்த இந்நாளிலும் இதனினுஞ் சிறந்த முறை ஒன்று கிடைத்திலது என்பது நம் துணிபு.

1918ஆம் ஆண்டின் பெருஞ் சளிச்சுரத்தைப் பற்றியும் ஒரு சொல். அதனை "ஸ்பானியச் சுரம்" என உலகம் அழைத்தது. அது ஸ்பெயினில் தோன்றியதாகச் சான்று இல்லை. முதலாம் உலகப் போரில் ஈடுபட்டிருந்த நாடுகளின் செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. போரிற் சேராத ஸ்பெயினின் தாள்கள் நோயைப் பற்றி வெளிப்படையாக எழுதின. வெளிப்படையாகச் சொன்ன நாட்டின் தலையிற் பழி வீழ்ந்தது. இந்தியாவில் அந்நோயால் இறந்தோர் ஏறக்குறைய 60 இலட்சம் என்று அக்காலத்து அதிகாரிகள் முதலில் மதித்தனர். 1911ஆம் ஆண்டினும் 1921ஆம் ஆண்டினும் குடிசன மதிப்புக்களை ஒப்பிட்ட கிங்ஸ்லி டேவிஸ் என்னும் அறிஞர், 1951இல் வெளியிட்ட நூலில் அத்தொகை 1 கோடியே 85 இலட்சம் வரை ஆகலாம் எனக் கணித்தார். ஒரு கோடிக்கு மேற்பட்ட மாந்தர் முப்பது ஆண்டுகள் கழித்தே கணக்கில் ஏறினர்.

இனி நம் காலத்து நோய்க்கு வருவாம். வூகான் நகரிற் காரணமறியா நுரையீரற் சுரம் கண்ட செய்தி 2019 திசெம்பர் 31ஆம் நாள் உலக சுகாதாரத் தாபனத்துக்கு எட்டியது. 2020 மார்ச்சு 11இல் அதனை உலகப் பெருந்தொற்று என அத்தாபனம் கூறிற்று. அவசர நிலை முடிந்தது என அறிவித்த நாள் 2023 மே 5. இவ்விடைக்காலத்தில் "நோயாளர்" என நாடோறும் எண்ணப்பட்டவர் யாவர்? நோயுற்றவர் என விடை கூறுதல் எளிது. ஆனால் உண்மையில் எண்ணப்பட்டவர் பரிசோதனையில் நோய் உண்டெனக் கண்டு, அம்முடிவு உரிய அலுவலகத்துக்கு அறிவிக்கப்பெற்றவர் மாத்திரமே. பரிசோதனை குறைந்தால் நோயாளரும் குறைவர்; நோய் குறையாது.

சீனத்தின் கூபே மாகாணத்தில் 2020 பெப்ருவரி 12ஆம் நாளுக்குரிய புதிய நோயாளர் 14,840 பேர் என்று செய்தி வந்தபோது உலகம் திடுக்கிட்டது. அன்று ஒரே நாளில் நோய் அவ்வாறு பெருகவில்லை. ஆய்வுகூட முடிவு இல்லாவிடினும், நெஞ்சுப் படத்தையும் அறிகுறிகளையும் கொண்டு வைத்தியர் துணிந்தவர்களையும் சேர்த்து எண்ணலாம் என வரைவிலக்கணம் மாற்றப்பட்டது. அவ்வாறு சேர்ந்தவர் 13,332 பேர். வரைவிலக்கணத்தின் ஒரு வரி, நோயின் ஒரு மாத வேலையைச் செய்துவிட்டது.

மறைந்திருந்த நோயின் அளவைக் காட்டியது ஒரு கப்பல். யப்பானின் யோக்கோகாமாத் துறையில் மறித்து நிறுத்தப்பட்ட "டயமண்ட் பிரின்சஸ்" கப்பலில் 3,711 பேர் இருந்தனர். ஏறக்குறைய அனைவரும் பரிசோதிக்கப்பட்டனர். 712 பேருக்குத் தொற்றுக் கண்டது. அவருள் பாதியை அணுகிய தொகையினர் பரிசோதிக்கப்பட்ட வேளையில் யாதோர் அறிகுறியுமின்றி இருந்தனர். அவர்கள் கப்பலிலன்றி ஊரில் இருந்திருப்பின் எந்தக் கணக்கில் ஏறியிருப்பர்? எனவேதான், பரிசோதிக்கப்பட்ட நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்றுக் காணப்படுகிறது என்பதனையும் உடன் பார்த்தல் வேண்டும் என்றனர். அது நூற்றுக்கு ஐந்திலும் குறைந்து இரண்டு வாரம் நிற்றல் நன்று என்பது 2020 மேயில் உலக சுகாதாரத் தாபனம் கூறிய அளவு. நூற்றுக்கு முப்பது என வருமாயின், வலையிற் சிக்கிய மீனைக் கொண்டு கடலை அளப்பதாகவே முடியும்.

எண்ணியதைத் தொகுப்பதிலும் இடர் உண்டு. இங்கிலாந்தில் 2020 செத்தெம்பர் 25 முதல் ஒற்றோபர் 2 வரை 15,841 நோயாளர் நாட்கணக்கிலிருந்து விடுபட்டுப் போயினர். ஆய்வுகூடங்கள் அனுப்பிய பட்டியலைப் பழைய வகைக் கணினி அட்டவணையில் ஏற்றினர். அவ்வகை அட்டவணை 65,536 வரிகளுக்கு மேற் கொள்ளாது. (இரண்டின் பதினாறாம் அடுக்கு 65,536 என்பதை மாணவர் பெருக்கிப் பார்த்து அறிக.) வரிகள் நிரம்பியதும் எஞ்சியோர் பெயர்கள் ஒசையின்றி உதிர்ந்தன. அவர்களோடு பழகியோரைத் தேடிச்சென்று எச்சரிக்கும் பணி அதனால் தாமதித்தது என்பதே இதிற் கவலைக்குரியது. எண் ஒன்று காணாமற் போவது ஏட்டில் நிகழும் காரியமாகத் தோன்றும். அதன் பயன் வீடுகளில் விளையும்.

இறந்தோர் கணக்கு நோயாளர் கணக்கினும் உறுதியுடையது என்பர். ஓரளவு உண்மையே. பிணம் மறைவது அரிது. ஆயினும் "எதனால் இறந்தார்" என்னுமிடத்து நாடுகள் பலவாறு பிரிந்தன. பெல்ஜியம் தொடக்கத்திலிருந்தே முதியோர் இல்லங்களிற் பரிசோதனையின்றி, கொவிட் என ஐயுற்று இறந்தோரையும் சேர்த்து எண்ணிற்று. அதனால் 2020இன் முற்பகுதியில் உலகிலேயே சனத்தொகைக்கு மிகுந்த இறப்புக்கொண்ட நாடு அதுவே எனப் பழிக்கப்பட்டது. ஸ்பெயினுக்கு நேர்ந்ததே பெல்ஜியத்துக்கும் நேர்ந்தது. ருசியாவில், பிரேதப் பரிசோதனையில் முதன்மைக் காரணம் இந்நோயே எனத் தெளிந்தவரை மாத்திரம் நாட்கணக்கில் ஏற்றினர். அங்குத் தொகை சிறுத்து நின்றது. இங்கிலாந்தில் முதலில், தொற்றுக் கண்டு தேறி மாதங்கள் கழிந்து வேறு காரணத்தால் இறந்தவரும் சேர்க்கப்பட்டனர். 2020 ஓகத்து 12ஆம் நாள், தொற்றுக் கண்ட 28 நாளுக்குள் இறந்தவரே எண்ணப்படுவர் என விதித்தனர். அன்றே ஐக்கிய இராச்சியத்தின் இறப்புத் தொகை 46,706இலிருந்து 41,329ஆக இறங்கிற்று. அன்று உயிர்த்தெழுந்தவர் எவருமிலர்.

தொகை ஏறிய இடங்களும் உள. வூகான் நகரத்தார் 2020 ஏப்பிரல் 17இல் 1,290 பேரைப் புதிதாகச் சேர்த்து 3,869 எனத் திருத்தினர். வைத்தியசாலைகள் நிரம்பிய நாட்களில் வீட்டிலே இறந்தோர் விடுபட்டனர் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. இவற்றுள் நாம் மிக மதிப்பது பெரு நாட்டார் செய்ததை. அந்நாடு 2021 மே 31ஆம் நாள் தன் இறப்புத் தொகையை 69,342இலிருந்து 180,764 என உயர்த்தி வெளியிட்டது. அறிஞர் குழுவொன்றை அமைத்து, பரிசோதனை முடிவு மாத்திரம் போதாது, வைத்தியரின் துணிபும் மரணப் பதிவும் நோக்கப்படல் வேண்டும் என வகுத்து, பழைய பதிவுகளை மீண்டும் திறந்தனர். ஆயிரம் குடிகளுக்கு ஐவருக்கு மேல் மாண்டனர் என்றாயிற்று. உலகப் பட்டியலில் அந்நாடு ஒரே இரவில் முதலிடம் பெற்றது. அம்முதலிடத்தைத் தானே கேட்டு வாங்கிய அரசு வேறொன்று உண்டோ என்பது ஐயம்.

இதற்கு எதிர்மாறு தன்சானியா. 2020 ஏப்பிரல் இறுதியில் 509 நோயாளர், 21 இறப்பு எனக் கூறிய பின், அந்நாட்டு அரசு ஓராண்டுக்கு மேல் யாதோர் எண்ணும் வெளியிடவில்லை. உலகப் பலகையில் 509 என்பது மாதக்கணக்காக அசையாது நின்றது. அறியாதார் அதனை வெற்றியெனக் கொண்டிருப்பர். ஆபிரிக்காவில் நோய் இலேசாகவே தாக்கிற்று என்னும் கொள்கையும் இவ்வாறான எண்களின் மேலேயே பெரிதும் எழுப்பப்பட்டது. சாம்பியா நாட்டின் தலைநகரான லுசாக்காவில் ஆராய்ச்சியாளர் சிலர் 2020இன் நடுப்பகுதியில் பிணவறைக்கு வந்த 364 உடல்களைப் பரிசோதித்தனர். அவற்றுள் நூற்றுக்கு 15 முதல் 20 வரையானவற்றில் இந்நோயின் வைரசு காணப்பட்டது. அவருட் பெரும்பாலோர் உயிரோடிருந்தபோது பரிசோதிக்கப்படாதவர். நோய் வராமலிருக்கவில்லை, தேடுவார் இல்லாமலிருந்தனர்.

இந்தியாவின் நிலையைச் சற்று விரித்துரைத்தல் தகும். பரந்த அந்நாட்டிற் பதிவாகும் இறப்புக்களுள் வைத்தியர் காரணம் எழுதிச் சான்று கொடுப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கே. எஞ்சியோர் ஏன் இறந்தனர் என்பது ஏட்டில் இல்லை. 2021ஆம் ஆண்டு இரண்டாம் அலையின்போது ஒட்சிசன் இன்றியும் கட்டில் இன்றியும் வைத்தியசாலை வாயிலிலும் வீட்டிலும் இறந்தோர் பலர். 2021 இறுதியில் உத்தியோகத் தொகை 4 இலட்சத்து 81 ஆயிரம் அளவில் நின்றது. அவ்வாண்டு ஒற்றோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், இந்நோயால் இறந்தோர் குடும்பத்துக்கு 50,000 ரூபா உதவி வழங்கும் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. பரிசோதனை செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வீட்டில் இறந்தவரும் அதற்கு உரியர் என வகுக்கப்பட்டது. அப்போதுதான் கணக்கு வாய்திறந்தது. குஜராத்து மாநிலத்தின் உத்தியோகத் தொகை ஏறக்குறைய 10,000. 2022 சனவரியில் அம்மாநில அரசு உரியவர் என ஏற்றுக்கொண்ட விண்ணப்பங்களோ 68,000க்கு மேற்பட்டன. எண் என்பது ஆராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் இதனை நோக்குக. மரணச் சான்றிதழில் ஒரு சொல் இருப்பதும் இல்லாமையும், கைம்பெண் ஒருத்திக்கு உதவி கிடைப்பதையும் கிடையாமையையும் தீர்த்தன.

கிராண்ட் காட்டிய வழியில், எல்லாக் காரணங்களாலும் இறந்தோரை எண்ணி, கொள்ளைநோய் வராதிருப்பின் எத்தனை பேர் இறந்திருப்பர் எனும் எதிர்பார்ப்பை அதிலிருந்து கழித்து, உலக சுகாதாரத் தாபனம் 2022 மேயில் ஒரு மதிப்பை வெளியிட்டது. 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் உலகின் மிகை இறப்பு 1 கோடியே 49 இலட்சம். குறைந்தது 1 கோடியே 33 இலட்சம், கூடியது 1 கோடியே 66 இலட்சம் என எல்லைகளும் குறித்தது. அதே காலத்துக்கு நாடுகள் அறிவித்த தொகை 54 இலட்சம் அளவிலானது. இந்தியாவுக்கு மாத்திரம் 47 இலட்சம் என அது கணித்தது. உத்தியோகத் தொகையிலும் ஏறக்குறையப் பத்து மடங்கு. இந்திய அரசு அக்கணிப்பு முறையை ஏற்க மறுத்தது.

மிகை இறப்பு முறையும் குற்றமற்றதன்று. "எதிர்பார்த்தது எவ்வளவு" என்பதிலேயே அதன் வலிமையும் மெலிவும் அடங்கும். முந்திய ஆண்டுகளின் போக்கை வளைகோடாக வரைந்து நீட்டும்போது, இறுதி ஆண்டின் சிறு தாழ்வு கோட்டைக் கீழ்நோக்கி வளைத்துவிடும். ஜேர்மனிக்கு முதலில் 195,000 என வந்த மதிப்பு, இக்காரணம்பற்றித் திருத்தப்பட்டு 122,000 ஆயிற்று. வரைபில் ஒரு கோட்டை எவ்வளவு தூரம் நீட்டலாம் என ஆசிரியர் வகுப்பிலே கண்டிப்பது வீணன்று. இன்னும், நியூசீலாந்து தன் எல்லையை மூடியிருந்த 2020இல், ஆண்டுதோறும் வரும் சளிச்சுரமும் வராதொழிந்தமையால், எதிர்பார்த்ததிலும் குறைந்தோரே இறந்தனர். மிகை இறப்பு அங்கே குறையெண்ணாயிற்று.

தடுப்பூசிக் கணக்கிற் பகுதியெண்ணே பெருந்தொல்லை தந்தது. 2020 திசெம்பர் 8இல் பிரித்தானியாவில் ஊசியேற்றல் தொடங்கியதும், ஒக்ஸ்போட்டிலுள்ள ஆராய்ச்சியாளர் குழுவொன்று எல்லா நாடுகளின் ஊசிக் கணக்கையும் ஒருங்கு திரட்டி வெளியிட்டது. ஏற்றப்பட்ட ஊசிகளை எண்ணுவதா, ஊசி பெற்ற ஆட்களை எண்ணுவதா? ஒருவருக்கு இரண்டு ஊசி வேண்டிய வகையும் ஒன்றே போதிய வகையும் கலந்தபோது, ஊசித் தொகையிலிருந்து ஆட்தொகையை அறிய வழியில்லை. ஆட்களை எண்ணினும், எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்பதில் இடறினர். ஜிப்ரால்டர் நாட்டில் ஊசி பெற்றோர் நூற்றுக்கு நூறைக் கடந்தனர். ஸ்பெயினிலிருந்து எல்லை கடந்து நாடோறும் வேலைக்கு வருவோர்க்கும் அந்நாட்டார் ஊசியேற்றினர். அவர்கள் தொகுதியெண்ணில் ஏறினர், பகுதியெண்ணில் இலர். ஐக்கிய அமெரிக்காவில் இரண்டாம் ஊசி பெற்றவரை வேறிடத்தில் முதல் ஊசிக்காரராகப் பதிந்தமையால் சில பகுதிகளில் நூறைத் தாண்டும் நிலை வர, நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தார் எவ்வட்டவணையிலும் நூற்றுக்கு 95க்கு மேற் காட்டுவதில்லை என வரம்பிட்டனர். வரம்பு பிழையை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

பகுதியெண்ணின் அருமையை நம் வடமாகாணத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1981இன் பின் 2012 வரை இங்கே முழுமையான குடிசன மதிப்பு நடைபெறவில்லை; பள்ளிக்கூடமாயினும் மருந்தாயினும் எத்தனை பேருக்கு என்ற வினா அம்முப்பது ஆண்டும் மதிப்பீட்டாலேயே விடை பெற்றது. இலங்கை முழுமைக்கும் 2021 நடுவில் மதிக்கப்பட்ட சனத்தொகை ஏறக்குறைய 2 கோடியே 21 இலட்சம். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிற் கண்டதோ 2 கோடியே 18 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இடையில் நாட்டைவிட்டுச் சென்றோர் பலர் என்பது உண்மை. ஆயினும் 2012இன் எண்ணை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டு வந்ததன் பிழையும் அவ்வேறுபாட்டில் ஒரு பங்கு கொண்டிருக்கலாம்.

இனி, மாணவர் கரும்பலகையிற் செய்து பார்க்கத் தக்க ஒரு கணக்கைத் தருவாம். இஸ்ரேல் நாடு மிக விரைவாகத் தடுப்பூசி ஏற்றிய நாடு. 2021 ஓகத்து நடுப்பகுதியில் அங்கே கடுமையான நோயோடு வைத்தியசாலையிற் கிடந்தோர் 515 பேர். அவருள் 301 பேர் ஊசி முழுவதும் பெற்றவர்; 214 பேர் பெறாதவர். நூற்றுக்கு 58 பேர் ஊசி பெற்றவரெனின் ஊசியால் யாது பயன் என்று பல நாடுகளிற் கூக்குரல் எழுந்தது.

பகுதியெண்ணை நோக்குக. அந்நாட்டில் ஊசி பெறுதற்குரிய வயதினருள், முழுதும் பெற்றோர் ஏறக்குறைய 56 இலட்சம். பெறாதோர் 13 இலட்சம். இலட்சம் பேருக்கு எனக் கணித்தால், பெறாதோருள் 16.4, பெற்றோருள் 5.3. எனவே ஊசி கடுநோயின் மூன்றில் இரண்டு பங்கைத் தடுத்தது என்றாகும். இம்மட்டில் நிற்பின் அதுவும் குறைபாடான விடையே. ஐம்பது வயதுக்கு உட்பட்டோரை முதலில் எடுத்துக்கொள்வாம். ஊசி பெறாதவர் 1,116,834 பேரில் 43 பேர். பெற்றவர் 3,501,118 பேரில் 11 பேர். இலட்சத்துக்கு முறையே 3.9, 0.3 ஆகும். ஐம்பதும் அதற்கு மேலும் உள்ளோருள், பெறாதவர் 186,078 பேரில் 171 பேர். பெற்றவர் 2,133,516 பேரில் 290 பேர். இலட்சத்துக்கு 91.9, 13.6 ஆகும். வகுத்துப் பார்ப்பின், இளையோருள் நூற்றுக்கு 92 பங்கும், முதியோருள் நூற்றுக்கு 85 பங்கும் கடுநோய் தடுக்கப்பட்டமை புலனாகும். இரு பிரிவிலும் 85க்குக் குறையாத பயன், இரண்டையும் கலந்தபோது 67 ஆனது எங்ஙனம்?

ஊசி பெற்றோர் கூட்டத்தில் நூற்றுக்கு 38 பேர் முதியோர். பெறாதோர் கூட்டத்தில் முதியோர் நூற்றுக்கு 14 பேரே. ஊசி பெறாத முதியவருக்குக் கடுநோய் வருதல், பெறாத இளையவருக்கு வருவதினும் இருபது மடங்குக்கு மேல். ஆகவே கலந்து ஒப்பிட்டவர், பெரும்பாலும் ஊசி பெற்ற தாத்தாவைப் பெறாத பேரனோடு ஒப்பிட்டவராவர். 1951இல் எட்வேட் சிம்சன் என்பார் எழுதிய கட்டுரைபற்றி இவ்வகை மயக்கத்தை அவர் பெயராலேயே வழங்குவர். நாடுகளை ஒப்பிடுங்காலும் இதுவே விதி. முதியோர் மிகுந்த இத்தாலியின் இறப்பு வீதத்தையும், குடிகளிற் பாதிப் பேர் பதினைந்து பதினாறு வயதுக்கு உட்பட்ட நைகரின் இறப்பு வீதத்தையும் வயது பிரிக்காது அருகருகே வைத்தல், மேற்காட்டிய பிழையைப் பெரிதாக எழுதுவதேயாம்.

ஊசியைப் பங்கிட்டவாற்றிற் கணக்கு மயக்கம் சிறிதும் இல்லை. வறிய நாடுகளுக்கு ஊசி வழங்க அமைந்த கோவாக்ஸ் ஏற்பாட்டின் முதற் சுமை, 600,000 ஊசிகள், 2021 பெப்ருவரி 24இல் கானா நாட்டில் இறங்கியது. அவ்வாண்டு முடிவுக்குள் ஒவ்வொரு நாட்டிலும் நூற்றுக்கு நாற்பது பேர் ஊசி பெறல் வேண்டும் என்பது உலக சுகாதாரத் தாபனத்தின் இலக்கு. ஆண்டு முடிந்தபோது ஆபிரிக்கக் கண்டத்தில் முழுதும் பெற்றோர் நூற்றுக்குப் பத்துப் பேரிலும் குறைவு. செல்வ நாடுகளில் அவ்வேளையில் மூன்றாம் ஊசி நடந்துகொண்டிருந்தது.

எண்ணும் பணி நோய் முடியுமுன்னரே தளர்ந்தது. சீனம் 2022 திசெம்பரிற் கட்டுப்பாடுகளைத் தளர்த்த, நோய் காட்டுத்தீப்போற் பரவிய அம்மாதத்திலேயே நாட்கணக்கு வெளியிடுதலை நிறுத்தியது. பின்னர் 2023 சனவரி 14இல், ஏறக்குறைய ஐந்து வாரத்தில் வைத்தியசாலைகளில் மாத்திரம் 59,938 பேர் இந்நோய்த் தொடர்பால் இறந்தனர் எனக் கூறிற்று. வீட்டில் இறந்தோர் அதிற் சேரார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பலகை 2023 மார்ச்சு 10இல் நின்றது. எண் அனுப்புவார் குறைந்தமையே முதற் காரணம்.

ஆயினும் பழைய ஏடுகள் தாமதித்தேனும் திறக்கின்றன. 2025 மேயில் இந்தியா தன் 2021ஆம் ஆண்டுக் குடியியற் பதிவுக் கணக்கை வெளியிட்டது. 2020இல் ஏறக்குறைய 81 இலட்சம் இறப்புக்கள் பதிவாகியிருக்க, 2021இல் 1 கோடியே 2 இலட்சம் பதிவாயின. ஓராண்டில் 21 இலட்சம் ஏறிற்று. அவ்வாண்டுக்கு உத்தியோகமாக அறிவிக்கப்பட்ட கொவிட் இறப்பு 3 இலட்சத்து 32 ஆயிரம் அளவிலானது. அந்த 21 இலட்சத்துள் முன்னர்ப் பதியாதிருந்தோர் இப்போது பதிந்தமையால் வந்த பங்கும் உண்டு. நோயால் வந்த பங்கும் உண்டு. மாநிலந்தோறும், மாதந்தோறும் பிரித்து அவ்விரு பங்கையும் வேறாக்கும் வேலை தொடங்கியுள்ளது. இந்தியாவின் 1918ஆம் ஆண்டுத் தொகைக்கு முப்பது ஆண்டுகள் சென்றன. இதற்கு எத்தனை செல்லும் என்பதை இன்று வகுப்பிலிருக்கும் மாணவர் காண்பர்.